கத்தியும் அச்சமும்

இரைப்பையிற் புற்றுநோய் தோன்றிய ஒருவரின் குருதியில் எச்.ஐ.வி. கிருமியும் இருப்பின், அவரைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தலாமா? மருத்துவத்துறை நண்பர் ஒருவரோடு உரையாடுகையில் எழுந்த இவ்வினா என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. அறிவியல் வினாவாகத் தோன்றும் இது அறத்தையும் தொடுகின்றது என்றே கருதுகின்றேன்.

1881இல் வியன்னா நகரில் தியோடர் பில்றோத் புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை வெட்டியகற்றி, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்தார். அந்நோயாளி சில மாதங்களே உயிர்வாழ்ந்தார். எனினும், பரவுமுன் கண்ட கட்டியை முற்றாக அகற்றுதலே குணமடைதற்குரிய பிரதான வழியென்பது இன்றும் மாறவில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 1981இல், எயிட்ஸ் நோய் மருத்துவ ஏடுகளில் முதன்முறையாகப் பதிவாயிற்று. அந்நாளில் மருத்துவர் தயங்கியமைக்குக் காரணம் இருந்தது. நிர்ப்பீடனம் குன்றிய உடலிற் பிற தொற்றுகள் மிகும், ஆயுளும் குறுகியதாயிருந்தது.

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் அக்காரணம் வலுவிழந்தது. மருந்தினால் வைரசு அடங்கி, சீ.டி.4 கலங்களின் எண்ணிக்கையும் போதியளவு இருப்பின், அறுவையைத் தாங்கும் ஆற்றலில் இந்நோயாளர் ஏனையோரினின்றும் பெரிதும் வேறுபடுவதில்லை. தனிக்கவனம் வேண்டிய இடமும் உண்டு. இரைப்பையை அகற்றினால் அமிலம் குன்றும். ரில்பிவிரின் போன்ற மருந்து உடலிற் சேர்வதற்கோ அமிலம் வேண்டும். ஆதலின், கத்தியை எடுக்குமுன்னரே மருந்தை மாற்றுவது பற்றி ஆராய்தல் வேண்டும். இது கலந்தாலோசித்துத் தீர்க்கக்கூடிய இடர். சிகிச்சையை மறுப்பதற்கு ஏதுவாகாது.

எஞ்சுவது சிகிச்சை செய்வோரின் அச்சம். அதனை நான் இகழேன். ஆயினும் அச்சத்திற்கும் அளவு உண்டு. கிருமியுள்ள குருதி படிந்த ஊசி குத்தினாலும், தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ 3 மாத்திரமே. 72 மணித்தியாலங்களுக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொண்டால் அது மேலும் வெகுவாகக் குறையும். கையுறையும் கவனமும் எல்லா நோயாளர்க்கும் பொதுவாகவே கைக்கொள்ளப்பட வேண்டியவை; ஏனெனில் எவர் குருதியில் எது உள்ளதெனக் கண்ணாற் காண இயலாது.

ஒருவரின் சிகிச்சையை நாளை, மறுநாள் எனப் பின்தள்ளுவோர் அதனை மறுப்பு எனக் கூறுவதில்லை. ஆயினும் கட்டி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. குணமாக்கத்தக்க நோய் அவ்விடைவெளியிற் குணமாக்கவியலாத நோயாகிவிடலாம். 'உடல்நிலை இடந்தராது' என நோயாளியின் ஏட்டில் எழுதுமுன், இடந்தராதது அவர் உடலா, நம் உள்ளமா என்று ஒருகணம் வினவுதல் நம் கடனாகும்.