திராட்சை மலையும் துறைமுக நகரும்

தனியாக ஊர் சுற்றுவது எளிது. பத்துப் பேர் கூடிச் சுற்றுவதும் ஒருவாறு எளிதே. ஒருவர் அலுத்தால் மற்றொருவர் பேச்சுத் துணையிருப்பார். கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் புறப்படும் பயணமே திட்டமிடுவதற்குக் கடினமானது. ஒருவருக்குக் கடைவீதியும் கோபுரமும் மக்கள் கூட்டமும் வேண்டும். மற்றவருக்கு மலையும் ஆறும் அமைதியும் வேண்டும். எமது இல்லத்தின் நிலையும் இதுவே. துணைவியார் நகர விருப்பினர். நாமோ மலை விருப்பினர். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் படிப்பில் ஆழ்ந்துவிட்டமையால், இருவருமாக ஒரு வாரத்தைக் கழிக்க எண்ணி, இரு விருப்பும் ஒரே ஆற்றங்கரையில் நிறைவேறக்கூடிய இடமொன்றைத் தேடினோம். போர்த்துக்கல் நாட்டின் வடபாலுள்ள போர்ட்டோ நகரமும், அதற்குக் கிழக்கே டூரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த திராட்சை நாடும் அத்தகைய இடங்களாகும்.

'மது அருந்தாத உங்களுக்கு மது விளையும் நாட்டில் என்ன வேலை?' என்று நண்பர் சிலர் வினவினர். புகையிலையை வாயில் வைத்தறியாத எத்தனை பேர் எமது குடாநாட்டிலே புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்திருக்கின்றனர்! ஒரு பயிரை அறிவதற்கு அதன் பயனை நுகர்ந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அப்பயிரை வளர்த்த மக்களையும் மண்ணையும் காண்பதே போதும்.

போர்த்துக்கேயர் என்றதும் யாழ்ப்பாணத்தார் மனத்தில் எழும் நினைவு இனியதன்று. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த அவர்கள் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நல்லூர்க் கந்தன் ஆலயம் தகர்க்கப்பட்டதும் அவர்கள் காலத்திலேதான். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததோடு அவர்தம் ஆட்சி மறைந்தது; சொற்கள் மறையவில்லை. நாம் அமரும் கதிரை, திறக்கும் யன்னல், உடுப்பு வைக்கும் அலுமாரி, காலில் அணியும் சப்பாத்து, காலையில் உண்ணும் பாண் யாவும் அவர்கள் மொழி தந்தவையே. போர்ட்டோ என்ற பெயருக்குப் பொருள் 'துறை' என்பதாகும். பருத்தித்துறையையும் காங்கேசன்துறையையும் அறிந்த எமக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஏழு இரவுகள் போதுமானவை. முதல் இரண்டு நகரத்துக்கு, நடுவில் மூன்று மலைக்கு, இறுதி இரண்டு மீண்டும் நகரத்துக்கு என்று வகுத்துக்கொள்க. நகரத்தில் தங்கிக்கொண்டு மலையை ஒரே நாளில் பார்த்துத் திரும்புவோர் பலர். அவர்கள் காண்பது பேருந்தின் யன்னலூடாக ஓடும் மலையை மட்டுமே. இந்த ஏழு நாளில் ஒழுங்கும் முக்கியம். மதுக் கிடங்குகள் நகரத்தருகே இருப்பினும் முதல் இரு நாளில் அவற்றுள் நுழைய வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதல் இரு நாளும் கால்நடையாகவே நகரைச் சுற்றலாம். நகரம் செங்குத்தான சரிவில் அமைந்தது. வழுக்காத சப்பாத்து இன்றியமையாதது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு மின்தொடர் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வந்துவிடும். கிளேரிகோஸ் கோபுரம் 1763 இல் முடிவுற்றது. ஏறக்குறைய 75 மீற்றர் உயரமுடையது. இருநூறுக்கு மேற்பட்ட படிகள் கொண்டது. இத்தாலியரான நிக்கோலாவ் நசோனி என்பவர் அதனை அமைத்தார். அதன் உச்சியிலிருந்து நோக்கினால் செந்நிற ஓட்டுக் கூரைகள் ஆற்றை நோக்கிப் படிப்படியாக இறங்குவதைக் காணலாம். ஆற்றின் மீது 1886 இல் திறக்கப்பட்ட முதலாம் லூயிஸ் மன்னர் பாலம் நிற்கிறது. அதை வரைந்தவர் தியோபில் செய்ரிக். பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஐபெலின் முன்னாட் பங்காளி. இரும்பு வளைவின் அகலம் 172 மீற்றர். மேலும் கீழுமாக இரு தட்டுகள் உள்ளன. மேற்தட்டில் மின்தொடர் செல்லும். அதன் ஓரமாக நாமும் நடந்து செல்லலாம். மாலையிற் செல்வதே நன்று.

சாவோ பென்டோ புகையிரத நிலையத்தைப் புகையிரதம் ஏறுவதற்கு முன்னரே ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். 1916 இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் மண்டபச் சுவர்களை ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் ஏறக்குறைய 20,000 நீல ஓடுகளால் நிரப்பியுள்ளார். அவற்றுள் ஒரு பெரிய சித்திரம், 1415 இல் ஆபிரிக்கக் கரையிலுள்ள சியூட்டா நகரம் கைப்பற்றப்பட்டதைக் காட்டுகிறது. கடல் கடந்து ஆளப் புறப்பட்ட அவர்களது முதலடி அதுவே; அவ்வழியின் மறுமுனைகளில் ஒன்று நல்லூர். பிரயாணிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அச்சுவரைத் திரும்பியும் பாராது ஓடுகின்றனர். நாமிருவரும் நெடுநேரம் அதன் முன்னே நின்றோம். சினத்தினால் அன்று, வரலாற்றுப் பாடமாகப் படித்த ஒன்றை, வென்றவர் தம் பக்கத்திலிருந்து எவ்வாறு வரைந்து வைத்திருக்கின்றனர் என்பதை அறியும் விருப்பினால் நின்றோம். மாணவர்க்கு இதனினும் நல்ல வரலாற்று வகுப்பு வேறில்லை.

மூன்றாம் நாள் காலையில் டூரோப் பாதைப் புகையிரதத்தில் ஏறுக. ரேகுவா என்னும் ஊருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பின்யாவ் என்னும் ஊருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். செல்லும் திசையில் வலப்பக்க யன்னலோரம் இடம் பிடித்தல் வேண்டும். முதலிற் புறநகர்களும் தோட்டங்களும் செல்லும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது திடீரென வலப்புறத்தில் ஆறு தோன்றி, அதன்பின் தண்டவாளத்தை விட்டு நீங்காது உடன்வரும். சில இடங்களில் நீருக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு கல்வரம்பு மட்டுமே உள்ளது. மோட்டார் வண்டி அமர்த்துவோரும் உளர். ஆனால் பாதை வளைவுகள் மிக்கது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் ஓட்டினால் அவர் மலையைக் காணமாட்டார். சுவைத்துப் பார்க்க எண்ணுவோர் ஓட்டவே கூடாது.

மாராவ் மலைத்தொடர் அத்திலாந்திக் கடலின் மழையைத் தடுத்து நிற்பதால் மலைநாடு வறண்டது. கோடையில் வெயில் 40 பாகை செல்சியசையும் தாண்டுவதுண்டு. மண்ணென்று சொல்லத்தக்கது அங்கு அரிது. தகடு தகடாகப் பிளக்கும் கற்பாறையே மிகுதி. அப்பாறையை உடைத்து, உடைத்த கல்லையே சாந்தின்றி அடுக்கிச் சுவராக்கி, அதன் பின்னே கொடிகளை நட்டுள்ளனர். ஆற்றங்கரை முதல் மலையுச்சிவரை படிகள் படிகளாக அச்சுவர்கள் ஏறுகின்றன. எமது ஊர்த் திராட்சை பந்தலிற் படரும், இங்கோ பந்தலில்லை. கொடியின் வேர் பாறைப் பிளவுகளினூடே ஆழமாக இறங்கி நீரைத் தேடிக்கொள்கிறது. 1756 இல் மந்திரியாகிய பொம்பால் பிரபு, இன்ன எல்லைக்குள் விளைவதே உயர்ந்த மது எனச் சட்டம் செய்து, எல்லை நெடுகிலும் கருங்கற் கம்பங்களை நாட்டினார். எல்லை வகுத்துச் சட்டத்தாற் காக்கப்பட்ட மது நிலங்களுள் உலகில் மிகப் பழையவற்றில் இஃது ஒன்று. 2001 இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமையாக ஏற்றது.

இடையிடையே சில படிகளிற் கொடிகள் இல்லை. புதர் மண்டிக் கிடக்கின்றன, அல்லது ஒலிவ மரங்கள் நிற்கின்றன. 1860 களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி வேர்களை அரித்து, தோட்டங்களை அடியோடு அழித்தது. அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டியே பின்னர் பயிரை மீட்டனர். ஆனால் மீளாத படிகளும் உண்டு. அவற்றை மக்கள் 'மொர்ட்டோரியோ' என்கின்றனர். இறந்துபட்ட நிலம் என்பது கருத்து. தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்தவர் உழைப்பு ஒரு பூச்சியினால் வீணானதைக் கண்டபோது, தோட்டக்காரர் பரம்பரையில் வந்த எமக்கு நெஞ்சு கனத்தது.

அக்காலத்தில் இம்மக்களுக்குத் துணைநின்றவராகப் போற்றப்படுபவர் அந்தோனியா ஃபெரெய்ரா அம்மையார். 1811 இல் ரேகுவாவிற் பிறந்து, இளவயதிற் கணவனை இழந்து, பெருந்தோட்டங்களைத் தாமே நடத்தி 1896 இல் மறைந்தவர். 1861 இல் அவர் சென்ற படகு சுழியிற் கவிழ்ந்தது. உடன்சென்ற ஆங்கிலேயரான ஃபொரெஸ்டர், அந்த ஆற்றையே படமாக வரைந்தவர், மூழ்கி இறந்தார், அம்மையார் பிழைத்தார். அவரது அகன்ற பாவாடை அவரை மிதக்கச் செய்தது என்றும், பொற்காசு நிறைந்த அரைக்கச்சை மற்றவரை ஆழ்த்தியது என்றும் மக்கள் கூறுவர். இக்கதையைக் கேட்ட துணைவியார், பயணத்திற் பணத்தை யார் வைத்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது என்றார்! 1970 களில் எழுந்த அணைக்கட்டு அச்சுழியை அடக்கிவிட்டது. இன்று ஆறு குளம்போல அமைதியாகக் கிடக்கிறது.

பின்யாவில் மூன்று இரவுகள் தங்கலாம். புகையிரத நிலையச் சுவரிலுள்ள 1937 ஆம் ஆண்டு ஓட்டுச் சித்திரங்கள் அறுவடைத் தொழிலைக் காட்டுவன. ஒரு நாள் படகிற் செல்க. ஒரு நாள் 'கின்டா' எனப்படும் தோட்டமனை ஒன்றை முன்பதிவு செய்து பார்க்க. புரட்டாதி, ஐப்பசியில் அறுவடை நடைபெறும். சில மனைகளில் இன்றும் பழங்களைக் கல்தொட்டியிலிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நின்று காலால் மிதிக்கின்றனர். சாறு நொதிக்கும்போதே திராட்சை வடிசாராயம் கலந்து நொதிப்பை நிறுத்துவதால் இனிப்பு எஞ்சுகிறது; போர்ட் மதுவின் தன்மை அதுவே. மூன்றாம் நாளுக்கு நாம் எதையும் குறித்துவைக்கவில்லை. மேலேயுள்ள கசால் த லொய்வொஸ் என்னும் சிற்றூரின் காட்சித் திடலில் மாலைவரை வாளா அமர்ந்திருந்தோம். வீட்டில் இருக்கும்போது பேச நேரமில்லாது ஒத்திப்போட்ட பல செய்திகள் அன்றுதான் பேசப்பட்டன. இருவர் செல்லும் பயணத்தில் இத்தகைய வெறும் நாள் ஒன்றாவது இருத்தல் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய பின்னரே மதுக் கிடங்குகளைப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இப்போது விளங்கும். அவை போர்ட்டோவில் இல்லை. ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள கையா நகரில் இருக்கின்றன. கடற்காற்றின் குளிர்ச்சியில் மது மெல்லப் பக்குவமடையும் என்பதற்காக, மலையில் வடித்ததை ரபேலோ என்னும் தட்டையான படகுகளிலேற்றி இங்கு கொண்டுவந்தனர். 1960 கள் வரை அப்படகுகள் ஓடின. 1926 இல் செய்த சட்டமொன்று கையாவிலிருந்தே ஏற்றுமதி நடைபெற வேண்டும் என்றது. 1986 வரை மலைநாட்டார் நேரே விற்க இயலவில்லை. விளைந்தது மலையில், பெயர் பெற்றதோ துறை. முதல் நாளே கிடங்கைப் பார்த்திருந்தால் இருட்டறையில் மரக்கலங்களைக் கண்டு மீண்டிருப்போம். மலையைக் கண்டு வந்தமையால், ஒவ்வொரு கலத்தின் பின்னும் கல் சுமந்த தோள்கள் தெரிந்தன. வழிகாட்டிய பெண், 550 இலீற்றர் கொள்ளும் அளவைப் 'பீப்பா' என்று கூறியபோது இருவரும் வியந்து ஒருவரையொருவர் பார்த்தோம். எமது வீட்டு முற்றத்து நீர்ப்பீப்பாவின் பெயர் பிறந்த மொழியில் அச்சொல்லைக் கேட்டோம்! சுற்றின் முடிவில் சுவைக்கக் கிண்ணம் தருவர், வேண்டாமென்றால் வற்புறுத்துவதில்லை.

உணவைப் பற்றிச் சைவ அன்பர்கள் அஞ்ச வேண்டாம். 1914 ஆம் ஆண்டுக் கட்டடமாகிய பொல்யாவ் சந்தை புதுப்பிக்கப்பட்டு 2022 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பழமும் பாணும் ஒலிவக் காயும் தாராளமாகக் கிடைக்கும். இலையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த 'கால்டோ வேர்டி' என்னும் சூப்பில் இறைச்சித் துண்டு இடுவது வழக்கம். 'செம் கார்னெ' என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்பது பொருள். செங்கன் விசாவுக்குப் பயணத்தின் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; அறுவடைக் காலமாயின் தங்குமிடத்தையும் அப்போதே ஒழுங்கு செய்துவிடுதல் நன்று.

கடைசி நாளில், நகரமா மலையா சிறந்தது என்று எமக்குள் வழக்கு எழுந்தது. தீர்ப்பு எதுவும் பிறக்கவில்லை. மலையின்றித் துறைக்கு வாணிபமில்லை. துறையின்றி மலைக்குச் சந்தையில்லை. நகர விருப்பினரும் மலை விருப்பினரும் ஓர் இல்லத்தில் வாழ்வதும் ஏறக்குறைய அப்படித்தான். பயணத்துக்கு நாட்களை வகுக்கும்போது ஒருவர் விருப்புக்கு மற்றவர் விருப்பைப் பலியிடாமல், இரண்டையும் இணைக்கும் ஆறு ஒன்றைத் தேடிக்கொள்க என்பதே புறப்பட எண்ணும் தம்பதியர்க்கு நாம் கூறக்கூடியது.