நீங்க எழும்பூர் கட்சியா... கோவில்பட்டி கட்சியா?

இரவு ஒன்பது மணிக்கு மேல் மறைமலை நகர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பிய எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்துக் கடந்து போகும். எதுவும் இங்கே நிற்காது. ஷிஃப்ட் முடித்து மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் அந்த வெளிச்ச ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் போகும்போது மட்டும் என் பக்கத்து வீட்டுத் தம்பி தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்.

"எங்க ஊரு வண்டி அண்ணாச்சி!"

அவருடைய ஊர் கோவில்பட்டி. ஒரகடம் பக்கம் உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்காக மறைமலை நகருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எங்கள் இருவருக்கும் வாடகை, தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு என எல்லாக் கவலையும் பொது. சண்டை ஒரே விஷயத்தில்தான். ஹாக்கிக்கு உண்மையான ரசிகர்கள் எந்த ஊரில்?

'சென்னைதான்' என்பது என் கட்சி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் பார்க்காத போட்டியா? 1996லும் 2005லும் சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. 2007 ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில் தென்கொரியாவை 7-2 என்று இந்தியா புரட்டிப் போட்டதும் அங்கேதான். தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "அதெல்லாம் திருவிழாக் கூட்டம் அண்ணாச்சி. எங்க ஊர்ல தினமும் சாமி கும்பிடுவாங்க" என்று முடித்துவிடுவார்.

சரி, இரண்டு ஊரையும் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கடைசி ரயிலா, கடைசி கோலா?

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டி. இந்தியாவும் மலேசியாவும் மோதின. நான், என் மகன், தம்பி மூவரும் மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினோம். பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று போய் எழும்பூரில் இறங்கினால், மைதானம் நடக்கும் தூரம்தான். வழியெல்லாம் கொடி விற்பவர்கள். கன்னத்தில் மூவர்ணம் பூசிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள். மூன்று நாள் முன்புதான் பாகிஸ்தானை 4-0 என்று வென்றிருந்ததால் ஊரே சூடாக இருந்தது.

உள்ளே நுழைந்தால் காது அடைக்கும் இரைச்சல். என் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இடைவேளையின்போது ஸ்கோர் மலேசியா 3, இந்தியா 1. மைதானத்தில் ஒரு கனத்த அமைதி. மணியைப் பார்த்தேன். முழு ஆட்டமும் பார்த்தால் வீடு திரும்ப ரயில் கிடைக்குமா என்பது சந்தேகம். "கிளம்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

தம்பி திரும்பிப் பார்த்தார். "போனீங்கன்னா தோத்தது இந்தியா இல்ல அண்ணாச்சி, உங்க கட்சி!"

உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை! 45-வது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல். கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, குர்ஜந்த் சிங் ஒன்று. 3-3. பிறகு 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோல். 4-3! முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே வரும்போது மார்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்: "எப்படி எங்க கூட்டம்?"

"பிரமாதம்! ஆனா ஒண்ணு. இந்தியா ஆடாத ஆட்டத்துக்கு இதுல எத்தன பேர் வந்தாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அதே தொடரில் வேறு நாடுகள் மோதிய ஒரு மாலை ஆட்டத்துக்கும் நான் போயிருந்தேன். அன்று விரும்பிய இடத்தில் கால் நீட்டி உட்கார முடிந்தது.

கரிசல் மண்ணில் ஒரு மாலை

அடுத்த கோடை விடுமுறையில் தம்பியின் முறை. செங்கல்பட்டில் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். வழியில் மறைமலை நகரில் நிற்காத அதே வண்டி! 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடிவதற்கு முன் கோவில்பட்டியில் இறக்கிவிட்டது.

கோவில்பட்டி என்றால் நமக்கெல்லாம் கடலை மிட்டாய்தான் நினைவுக்கு வரும். 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கிய மிட்டாய். அடுத்து தீப்பெட்டி. ஆனால் விளையாட்டு தெரிந்தவர்கள் இந்த ஊருக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'ஹாக்கிப்பட்டி'. பஞ்சாலைகள் செழித்திருந்த நாளிலேயே ஹாக்கி இங்கே வேர் பிடித்துவிட்டது என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். இன்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இங்கே இருக்கிறது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானமும் இருக்கிறது. காலையில் டீ குடிக்கப் போனபோதே பார்த்தேன். முதுகில் மட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிற பையன்கள். நம் பக்கம் கிரிக்கெட் பேட் போகுமே, அப்படி!

லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி கோடையில் நடப்பது இங்கே வழக்கம். நாடெங்கிலும் இருந்து ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் வரும். நாங்கள் போன மாலையில் ஆடிய இரண்டு அணியுமே வெளி மாநிலத்தவை. ஒரு ஆட்டக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. மில் வேலை முடிந்து வந்த ஆண்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த பாட்டி, சீருடையோடு வந்த பள்ளி மாணவிகள் என்று ஊரே திரண்டிருந்தது.

அவர்கள் கைதட்டுகிற விதம்தான் எனக்குப் புதுசு. சென்னையில் கோல் விழுந்தால் கத்துவோம். இங்கே, வேகமாக வந்த பந்தை ஒரு தடுப்பாட்டக்காரர் மட்டையில் அசையாமல் நிறுத்தினால் அதற்கே கைதட்டல். கோல் ஆகாத பெனால்டி கார்னருக்குக்கூட, திட்டம் நன்றாக இருந்தால் பாராட்டு. பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "நீங்க எந்த டீம் பக்கம்?" என்று கேட்டேன்.

"நல்லா ஆடுற டீம் பக்கம்" என்றார் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். இதைக் காட்டத்தானே அத்தனை தூரம் கூட்டி வந்தார்!

இந்த ஊரின் பாசத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2022 மே மாதத்தில் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி இங்கே நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில், இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். "நம்ம தெருவுல சைக்கிள் ஓட்டுன பையன் டிவியில ஆடுறான்னா, எங்க வீட்டுப் பிள்ளையும் ஆடலாம்ல?" என்றார் டீக்கடைக்காரர்.

விஷயம் இதுதான் என்று எனக்கு அப்போது பட்டது. சென்னைக்காரர்கள் ஆட்டக்காரர்களை அண்ணாந்து பார்க்கிறோம். கோவில்பட்டிக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

எழும்பூரின் நிழல் பக்கம்

தோற்றுப்போன மனதோடு ஊர் திரும்பினேன். ஆனால் ஒரு வேலை நாளில் சென்னைக்குப் போக நேர்ந்தபோது சும்மா எழும்பூர் மைதானத்துக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு அலுவலக அணிகளின் லீக் ஆட்டம். கேலரியில் வெயில் படாத பக்கமாக முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியதை நேற்று நடந்ததுபோல் சொன்னார். நூறாண்டு பழைமையான எம்.சி.சி. முருகப்பா கோப்பையை விடாமல் பார்த்து வருகிறாராம். "வீட்ல திட்டுவாங்க சார், காசு குடுக்காத உத்தியோகத்துக்குப் போறேன்னு" என்று சிரித்தார்.

ஆக, சென்னையிலும் தினமும் சாமி கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்! பெரிய ஊரில் அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது தம்பியும் இறங்கி வந்தார். "எங்க பையங்க எவ்வளவு நல்லா ஆடினாலும், சொந்த மண்ணுல இந்தியா சட்டை போட்டு ஆட எழும்பூருக்குத்தான் வரணும் அண்ணாச்சி. அந்த மேடை இல்லாட்டி எங்க கைதட்டல் ஊரத் தாண்டாது."

2025 நவம்பர், டிசம்பரில் 24 நாடுகள் மோதிய ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது அந்த மேடை கொஞ்சம் தெற்கே நகர்ந்தது. மதுரையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இந்தியா ஆடியது. 5-0 என்று வென்றது. தம்பி லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனார். எதற்கு? வேறு நாடுகள் மோதிய ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வர! நான் எழும்பூரில் உட்கார்ந்து, பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் இந்தியா வீழ்த்திய காலிறுதியில் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. கோப்பை ஜெர்மனிக்குப் போனது. எங்கள் சண்டை சமனில் முடிந்தது.

நாங்கள் எந்தக் கட்சி?

ஆனால் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கோவில்பட்டி மைதானத்தில் ஒரு பையன் என் மகனிடம் கேட்டான், "நீ எந்த ஊரு?"

"மறைமலை நகர்."

"அங்க ஹாக்கி ஆடுவாங்களா?"

என் மகன் என்னைப் பார்த்தான். என்னிடமும் பதில் இல்லை. எனக்குச் சென்னை இருக்கிறது, தம்பிக்குக் கோவில்பட்டி இருக்கிறது. எங்களைப் பெற்றவர்கள் எங்களுக்கு ஓர் ஊரைக் கொடுத்தார்கள். வேலைக்காக வந்து குடியேறிய நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஊரைக் கொடுத்திருக்கிறோம்? கம்பெனி பஸ் வந்து நிற்கிற ஒரு முகவரியை மட்டும்தானா?

கோவில்பட்டியிலிருந்து திரும்பியபோது கடலை மிட்டாயோடு இரண்டு மட்டைகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் வராத எங்கள் தெருக்கோடியில் தம்பி பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறார். முதலில் இரண்டு பேர்; இப்போது எட்டுப் பேர். இரண்டு பெண் பிள்ளைகளும் உண்டு.

போன மாதம் அந்த வழியாக வந்த ஓர் ஒடிசா இளைஞர் நின்று வேடிக்கை பார்த்தார். சைகையில் மட்டையைக் கேட்டார். கொடுத்தோம். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது போல அந்தச் சின்னத் தெருவில் வளைந்து வளைந்து ஓடிக் காட்டினார்! சொந்த ஊர் சுந்தர்கர் மாவட்டமாம். 2023 உலகக் கோப்பைக்காகப் பெரிய மைதானம் எழும்பிய ரூர்கேலா இருக்கிற, ஹாக்கி வீரர்களை விளைவிக்கிற மாவட்டம் அது. அவருடைய தமிழும் எங்கள் இந்தியும் அரைகுறைதான். ஆனாலும் அடுத்த ஞாயிறு சரியாக ஏழு மணிக்கு வந்துவிட்டார்.

யாரும் பார்க்காத, கோப்பை இல்லாத ஒரு காலையில் வந்து நிற்கிறவர்தான் ரசிகர் என்றால், எங்கள் தெருவிலும் இப்போது நாலைந்து பேர் இருக்கிறோம். 'நீங்க எந்தக் கட்சி?' என்று இனி யாராவது கேட்டால், என் மகன் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்த முறை இந்தியா ஆடாத ஆட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கால் நீட்டி உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலோடு இருப்பார். பேச்சுக் கொடுங்கள்!