முந்நூறு சொற்களில் ஓர் அமானிதம்



பக்கவாதத்தில் விழுந்தவரை மருத்துவர் காப்பாற்றுகிறார்; இயன்முறை மருத்துவர் நடக்கப் பழக்குகிறார். அவர் மீண்டும் தம் கையாலேயே உண்ணவும் உடுத்தவும் குளிக்கவும் வழி காணும் துறைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1952-இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

பூதலூரில் வாழும் எங்கள் குடும்பம் இத்துறையை அறிந்தது, எங்கள் மகள் அதைப் படிக்கச் சேர்ந்த பிறகுதான். இவ்வாண்டு தேசிய மாநாட்டுக்கு ஓர் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப அவள் விரும்பினாள். ஆசிரியரின் மேற்பார்வையில், கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் அவள் எடுத்துக்கொண்ட பொருள், தன் பாட்டனாரின் ஒளூ.

பக்கவாத நோயாளி எந்த அளவுக்குப் பிறர் உதவியின்றி வாழ்கிறார் என்பதை அறிய, 1965-இல் வெளியான பார்தெல் அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகின்றனர். உணவு, குளியல், உடை, கழிப்பறை, நடை, மாடிப்படி எனப் பத்து இனங்கள் அதில் உண்டு. அத்தாவுக்கு அதில் நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. ஆயினும் அவர் மனம் ஒடுங்கியே இருந்தார். ஒளூ செய்ய ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். பஜ்ரு நேரத்தில் மருமகளை எழுப்ப அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கேட்டறியும் கேள்வி அளவுகோலில் இல்லை.

நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மார்க்கம் இடம் கொடுத்திருந்தது; எங்கள் கொல்லைப்புறக் குழாய்தான் இடம் கொடுக்கவில்லை. திருகுக் குழாயை மாற்றி, முழங்கையால் தள்ளித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாய் பொருத்தினோம். அதனருகே முதுகு சாயும் இருக்கை போட்டோம். செயலிழந்த இடக்கையை வலக்கையால் கழுவவும், வலக்கையை ஓடும் நீரில் நீட்டிக் கழுவவும் மகள் பல வாரம் பழக்கினாள். அத்தா தனியே ஒளூ செய்தார், அல்ஹம்துலில்லாஹ். கைலி மட்டும் வசப்படவில்லை. ஒற்றைக் கையால் முடிச்சு நிற்கவில்லை. ஒட்டும் பட்டை தைத்த கைலியை அவர் விரும்பவில்லை.

இவை அனைத்தையும் பின்னணி, நோக்கம், முறை, முடிவு என முந்நூறு சொற்களுக்குள் அடக்க வேண்டும். “முழுசா குணமாயிட்டார்னு எழுதும்மா, கேக்க நல்லாயிருக்கும்” என்றார் உறவினர் ஒருவர். அவள் எழுதியதோ வேறு: ஒளூவில் உதவி தேவையில்லை, கைலி கட்ட இன்னும் உதவி தேவை, பயிற்சி அளித்தவர் நோயாளியின் பேத்தி, ஒருவரின் அனுபவத்தை எல்லோருக்கும் பொருத்த இயலாது.

ஆய்வில் பங்கேற்பவர் விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படை. ஆங்கிலத்தில் எழுதியதை அவள் தமிழில் சொல்லிக் காட்டினாள். குளியலறைச் செய்தி சபைக்குப் போவதா என்று எங்களுக்கே தயக்கம் இருந்தது. அத்தா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “என் பேரு வேணாம்மா. ஆனா கைலி விஷயத்த எடுத்துடாத. அதப் படிச்சுட்டு யாராச்சும் ஒருத்தர் வழி கண்டுபுடிப்பாங்க.”

சுருக்கம் ஏற்கப்படுமா என்பது இனிமேல்தான் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய ஆய்வுக்கு அனுமதி கேட்டு வந்தால், உடனே மறுத்துவிட வேண்டாம். பெயர் மறைக்கப்படுமா, நோயாளி மனமுவந்து சம்மதித்தாரா, நடந்தது மட்டுமே எழுதப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். ஒருவரின் பலவீனத்தை எழுதக் கையில் பெறுவது அமானிதம். அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஒப்படைக்க வேண்டும். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஆஃபியத்தையும், அவர்களுக்குப் பணிபுரிவோருக்கு இக்லாஸையும் தருவானாக. ஆமீன்.