வாயில்லா ஜீவனின் நோன்பு

புதுக்கோட்டைச் சீமையில் வெள்ளாடு ஏழையின் சேமிப்பு. முடை வந்தால் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பணமாகும். அதற்கு அறுவை சிகிச்சை என்றால் நாம் கத்தியை அஞ்சுகிறோம். மயக்க மருந்தையும் அஞ்ச வேண்டும் என்பதை, அண்டைவீட்டு மூதாட்டியின் ஆட்டைக் குடலிறக்கத்துக்காகக் கொண்டுசென்ற அன்று அறிந்தோம்.

மருத்துவர் முதலில் எடை பார்த்தார். கண்ணிமையை விலக்கி இரத்தசோகை உண்டா என நோக்கினார். நாடியையும் மூச்சையும் எண்ணினார். சினையா என வினவினார். "கடைசியாக எப்போது தின்றது?" என்றார்.

"பசி தாங்காதே என்று விடியலில் கஞ்சி வைத்தேன், தம்பி."

சிகிச்சை தள்ளிப்போயிற்று.

காரணம் உண்டு. அசைபோடும் பிராணியின் இரைப்பையில் மயக்கத்திலும் வாயு ஊறும்; ஏப்பமோ நின்றுவிடும். வயிறு உப்பி மூச்சை நெருக்கும். மேலேறிய இரை மூச்சுக்குழலில் இறங்கினால் உயிரே போகும். ஆகவே வளர்ந்த ஆட்டுக்கு 12 மணி நேரமேனும் தீவனம் நிறுத்துவர். பால்குடிக் குட்டிக்கு அவ்வாறில்லை. மருந்தின் அளவும் இனத்துக்கு இனம் வேறு: எடைக்கு எடை, குதிரைக்குரிய சைலசினில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும்.

ஊட்டுவது மட்டுமே கருணையன்று. வேளையறிந்து பசித்திருக்க விடுவதும் கருணையே. நோன்பு நோற்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? மூதாட்டி மறைக்காமல் சொன்ன உண்மை ஆட்டைக் காத்தது. மருத்துவர் கேட்கும்போது வாயில்லா ஜீவன் பேசாது. அதன் வாயாக நாம்தான் மெய் பேச வேண்டும்.