ஷெவெர்: உடைந்தது எல்லாம் ஒட்டுமா?

எபிரேய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. ஷின், பேத், ரேஷ் என்று மூன்றே எழுத்து. ஷெவெர். (பேத் என்ற எழுத்து இந்த இடத்தில் 'வ' என்று ஒலிக்கும்.) உடைவு, முறிவு, அழிவு என்று பொருள்.

ஏதோ வேதாந்தமான சொல் என்று நினைத்துவிட வேண்டாம். கால் முறிந்தாலும் ஷெவெர்தான். கை அல்லது கால் முறிந்தவன் ஆசாரியனாகப் பலி செலுத்தக்கூடாது என்று லேவியராகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. அங்கே இருப்பது இந்தச் சொல். இன்றைய இஸ்ரேலில் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கும் ஷெவெர், பள்ளிக்கூடக் கணக்கில் பின்னத்துக்கும் ஷெவெர். அரை, கால், முக்கால் எல்லாமே உடைசல்!

தமிழில் பைபிள் படிப்பவர்களுக்கு இது ஒரே சொல் என்று தெரிய வழியில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் லேவியராகமத்தில் அது 'நொறுக்குதல்'. அகந்தையைப் பற்றிய நீதிமொழியில் 'அழிவு'. எரேமியாவில் 'காயம்'. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருந்தால் தமிழ் தமிழாக இருந்திருக்காது. ஆனால் எரேமியாவில் மட்டும் நஷ்டம் கொஞ்சம் பெரியது. காயம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அவர் சொல்வது எலும்பு முறிந்த கதை. மதில் இடிந்த கதை.

பாபிலோன் எருசலேமைத் தரைமட்டமாக்கியது ஏறக்குறைய கி.மு. 587-இல். அதற்கு முன்பு பல ஆண்டுகளாக எரேமியா அந்த ஊரில் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குயவன் வீட்டுக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். சக்கரத்தில் கெட்டுப்போன களிமண்ணைக் குயவன் மறுபடி வனைகிறான். அது 18-ஆம் அதிகாரம். அதைப் பிரசங்கிக்காத ஊழியக்காரர் இருக்கமாட்டார். அடுத்த அதிகாரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு வராது. அதில் எரேமியா ஒரு மண்கலசத்தை விலைக்கு வாங்கி, மூப்பர்களை இன்னோம் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவர்கள் கண்முன்னே போட்டு உடைக்கிறார். இது சுட்ட மண். ஈரமில்லை. திரும்ப வனைய முடியாது.

அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உடைந்த கலசத்தைச் 'சரிசெய்ய' முடியாது என்று சொல்ல எரேமியா எடுக்கும் வினைச்சொல் ரஃபா. அதாவது குணமாக்குதல், வைத்தியம் பார்த்தல். பானைக்கு வைத்தியமா என்று கேட்கலாம். ஆனால் அதே வினையை அவர் முன்பே இரண்டு இடத்தில் வேறு ஆட்கள்மேல் கோபமாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஜனங்களின் ஷெவெரை மேலோட்டமாக 'வைத்தியம்' பார்த்துவிட்டு, ஷாலோம் ஷாலோம் என்று சொல்லிப் போகிற தீர்க்கதரிசிகள்மேலும் ஆசாரியர்கள்மேலும். முறிந்த எலும்பை நேர்ப்படுத்தாமல் மேலே கட்டுப் போட்டால் என்ன ஆகும்? கோணலாகக் கூடும். அதற்கு உடைந்தே கிடந்திருக்கலாம்.

இவ்வளவு கடுமையாகப் பேசுகிறவர் வெளியே நின்று பேசவில்லை என்பதுதான் அவரிடம் பிடித்துப்போகிற இடம். 8-ஆம் அதிகாரத்தில் என் ஜனத்தின் உடைவு என்று சொன்ன கையோடு, அதே வேர்ச்சொல்லில் தன்னையும் உடைக்கப்பட்டவன் என்கிறார். மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்கின்றன.

இதே வேரில் மஷ்பேர் என்று இன்னொரு சொல். குழந்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும் இடம், பிறப்பு வாசல். இன்றைய எபிரேயத்தில் நெருக்கடிக்கும் இதுதான் பெயர். உடனே 'ஆஹா, ஒவ்வொரு நெருக்கடியும் ஒரு பிரசவம்' என்று சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். மூலத்தில் அது வரும் இடத்தைப் பார்த்தால் உற்சாகம் குறையும். கி.மு. 701-இல் அசீரியப் படை எருசலேமை நெருக்கியபோது எசேக்கியா ராஜா ஏசாயாவுக்குச் சொல்லி அனுப்பும் செய்தி அது. பிள்ளை மஷ்பேர் வரை வந்துவிட்டது, பெற்றெடுக்கத் தெம்பில்லை என்பது அதன் சாரம். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகக்கூடிய நிலைமை.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. யாக்கோபு பஞ்சகாலத்தில் எகிப்தில் தானியம் இருப்பதாக அறிகிறானே, அந்தத் தானியத்துக்கும் ஷெவெர் என்றுதான் பெயர். (இரண்டும் ஒரே வேரா என்பது வேறு விவாதம். இதைத் தனிச்சொல்லாகப் பிரித்துக் காட்டும் அகராதி உண்டு.) பழைய யூத ரபிகள் இங்கே ஒரு விளையாட்டு விளையாடினார்கள். ஷின் எழுத்தை 'ஸ' என்றும் வாசிக்கலாம். பிற்காலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டப் புள்ளி வைத்தார்கள்: வலப்பக்கம் இருந்தால் ஷ, இடப்பக்கம் இருந்தால் ஸ. ஷெவெர் என்று வாசிக்காதே, ஸேவெர் என்று வாசி என்றார்கள் ரபிகள். ஸேவெர் என்றால் நம்பிக்கை. யாக்கோபு எகிப்தில் கண்டது தானியத்தை அல்ல, செத்துவிட்டதாக நினைத்த மகன் யோசேப்பு உயிரோடிருக்கும் நம்பிக்கையை என்பது அவர்கள் விளக்கம். இலக்கணப்படி செல்லுமா தெரியாது, அழகாக இருக்கிறது.

சங்கீதம் 147-இலும் உடைவும் ரஃபாவும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அங்கே இருதயம் உடைந்தவர்களுக்கு வைத்தியர் உண்டு. எரேமியாவின் கலசத்துக்கு இல்லை. ஒரே புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை அடித்துப்போடவில்லை.

மோசே மலையடிவாரத்தில் உடைத்தாரே, அந்தக் கற்பலகைகளுக்கும் இந்த வேரின் வினைதான். புதுப் பலகைகள் வந்தன. பழைய துண்டுகள் என்ன ஆயின? அவற்றை யாரும் ஒட்டவில்லை, எறியவும் இல்லை. புதுப் பலகைகளோடு அதே உடன்படிக்கைப் பெட்டியில் வைத்துச் சுமந்தார்கள் என்கிறது தால்மூத். தள்ளாமையில் தான் கற்றதையெல்லாம் மறந்துபோன கிழவரை மரியாதையாக நடத்தச் சொல்லும் இடத்தில், அந்தத் துண்டுகளைத்தான் காரணமாகக் காட்டுகிறது.