உள்ளே போக வழியில்லாத சர்க்கரை

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் பொம்மசந்திராவுக்கு முந்தின நிலையம் எங்களுடையது. 2025 ஆகஸ்ட் 10 அன்று அந்தத் தடம் திறந்ததிலிருந்து ஊர்ப்பெயரோடு ஒரு கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டது: பயோகான் ஹெப்பகோடி. 1978இல் கிரண் மஜும்தார்-ஷா பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய கம்பெனி அது. பப்பாளிப் பாலிலிருந்து பப்பேனும், மீனின் காற்றுப்பையிலிருந்து ஐசின்கிளாஸும் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், 2004இல் இன்சுஜென் என்ற பெயரில் மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஓசூரிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு ஹெப்பகோடி ஒரு பஸ் நிறுத்தம், ஒரு ஷிப்ட், ஒரு வாடகை வீடு. எனக்கு இந்த ஊர்ப்பெயரைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது செல் சவ்வு.

காரணம், அந்த இன்சுலின் பிறக்கும் விதம். அமெரிக்காவில் 1982இல் முதன்முதலாக விற்பனைக்கு அனுமதி பெற்ற மனித இன்சுலினை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தார்கள். அந்தப் பாக்டீரியா தான் செய்த புரதத்தைத் தனக்குள்ளேயே குவித்து வைத்துக்கொள்ளும்; செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பயோகான் எடுத்துக்கொண்டது பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்ட். மெத்தனாலைக்கூட உணவாக்கிக்கொண்டு வளரும் உயிர் அது. இன்சுலினின் முன்வடிவத்தைச் செய்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, பையைத் தன் சவ்வோடு ஒட்டி இணைத்து, சரக்கை வெளியே தள்ளிவிடும். உடைக்க வேண்டியதில்லை. தொட்டியில் இருக்கும் திரவத்திலேயே சரக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டினால் இன்சுலின்.

ஒரு ஈஸ்ட் செல் தன் பைகளை எப்படி வழிநடத்துகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக ராண்டி ஷெக்மனுக்கு 2013இல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. ரொட்டி ஈஸ்டில் அந்த வேலை நடக்காமல் முடங்கிப்போன வகைகளைத் தேடிப் பிடித்து, எந்த ஜீன் கெட்டால் பை எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர். இந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தசைக்குள்ளும் இது வரப்போகிறது.

சவ்வு என்பது கொழுப்பு. ரசத்தின் மேல் நெய் தனியே மிதப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால்தான், தண்ணீரால் ஆன செல்லும் தண்ணீரால் ஆன வெளியும் ஒன்றோடொன்று கரைந்துபோகாமல் இருக்கின்றன. 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் நிற்கிற முடிவு அது. ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் அந்தக் கொழுப்பின் கனம்.

இவ்வளவு மெல்லிய ஒன்று எதைத் தடுத்துவிட முடியும் என்று தோன்றும். ஆக்சிஜனை அது தடுப்பதில்லை. கரியமில வாயுவையும் தடுப்பதில்லை. கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் நேராக உள்ளே போய்விடும். சாராயமும் அப்படித்தான், குடித்த சற்று நேரத்தில் மூளை வரைக்கும் ஏறுவது அதனால்தான். ஆனால் உப்பின் சோடியம் ஒரு துளியாக இருந்தாலும் மின்னூட்டம் உள்ளது. கொழுப்பு அதை அண்டவிடாது. குளுக்கோஸ் தண்ணீரோடு ஒட்டி உறவாடும் பொருள். அதற்கும் வழி கிடையாது. தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். வேகமாகப் போக வேண்டிய இடங்களில் அதற்கென்று தனிப் புரதக் குழாய் இருக்கிறது. 1992இல் பீட்டர் ஆக்ரே கண்டு சொன்ன அந்தக் குழாய் ஒன்றின் வழியே நொடிக்கு 300 கோடி நீர் மூலக்கூறுகள் போல ஓடுகின்றன, கூடவே ஒரு ஹைட்ரஜன் அயனியைக்கூட நுழையவிடாமல். 2003இல் அவருக்கும் நோபல் வந்தது.

பள்ளிப் பாடத்தில் இதையெல்லாம் 'பரவல்', 'சவ்வூடு பரவல்', 'செயல்மிகு கடத்தல்' என்று மூன்று தலைப்பில் படித்து, மூன்றுக்கும் வேறுபாடு எழுதி, மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் அந்தப் பாடம் நினைவுக்கு வருவதேயில்லை. அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் இந்த நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் வேறில்லை.

எங்கள் வீட்டில் அத்தைக்கு இன்சுலின். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். காலையில் ஃபிரிட்ஜ் கதவின் முட்டைத் தட்டிலிருந்து குப்பியை எடுப்பார். 30/70 கலவை அது. அசையாமல் நின்றால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, திரி திரிப்பதுபோல் மெதுவாக உருட்டுவார், முழுக்கப் பால் நிறமாகும் வரை. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் காற்றை முதலில் குப்பிக்குள் ஏற்றி, பிறகு மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருந்தால் விரலால் சுண்டுவார். வயிற்றில் நேற்றுப் போட்ட இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளிப் போடுவார். ஒரே இடத்தில் போட்டால் அங்கே கொழுப்புக் கட்டிக்கொண்டு மருந்து சரியாக இறங்காது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் கேட்டார்: "ஏன்டா, எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு. இதையும் மாத்திரையா பண்ணிக் குடுத்தா என்ன? பண்றவங்கதான் இங்கயே பக்கத்துல இருக்காங்களே."

கேட்க வேண்டிய கேள்வி. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்கள் கேட்ட கேள்வியும் இதுதான். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வாயில் போட்டால் பருப்பில் இருக்கும் புரதத்தைச் செரிப்பதுபோல வயிறு இதையும் செரித்துவிடும். அதிலிருந்து தப்பித்தாலும் குடலின் சவ்வு நிற்கிறது. குளுக்கோஸைப்போல 30 மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு இது. கொழுப்பில் கரையாது, அதை ஏற்றிக்கொண்டு போக அந்தச் சவ்வில் தோதான புரதமும் கிடையாது. குடல் அப்படி இருப்பதும் நம் நன்மைக்குத்தான். தின்ற புரதமெல்லாம் முழுசு முழுசாக ரத்தத்துக்குள் நுழைந்தால் உடம்பு தாங்காது.

"பண்ணிப் பாத்தாங்க அத்தை" என்றேன். உண்மையிலேயே செய்துபார்த்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள்தான். ஐஎன்-105 என்று பெயர். பிறகு டிரெகோபில் ஆயிற்று. இன்சுலினில் ஒரு சின்ன ரசாயன வாலை ஒட்டி, குடல் உறிஞ்சுவதற்கு ஏதுவாக்கிய மாத்திரை. 2011இல் இந்தியாவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அது குறித்த இலக்கை எட்டவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் குறைப்பதில் போலி மாத்திரையைவிடப் போதிய அளவு மேலே வர முடியவில்லை. நான் இதைத் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன். குடலின் சவ்வைத் தாண்டிப் புரதத்தை அனுப்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு, இதே வட்டாரத்தில் வருஷக்கணக்காக உழைத்துப் பெற்ற விடை அது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாகுளுட்டைட் மாத்திரையைப் பாருங்கள். இன்சுலினைவிடச் சிறிய புரதத்துணுக்கு அது. உறிஞ்சலுக்குத் துணைப்பொருளும் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் விழுங்குவதில் 100இல் 1 பங்கு அளவுக்குத்தான் ரத்தத்தில் சேர்கிறது. அந்த மருந்துக்கு அது போதும். இன்சுலினில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து, ஆகவே நேற்று ஒரு அளவும் இன்று ஒரு அளவும் என்று உறிஞ்சப்படும் மாத்திரையை நம்பி யாரும் இருக்க முடியாது.

சரி, ஊசி வழியாக ரத்தத்தில் சேர்ந்த இன்சுலின் என்ன செய்கிறது? சர்க்கரையை எரிக்கிறது, கரைக்கிறது, அழிக்கிறது என்றுதான் கேட்டவர்களெல்லாம் சொல்கிறார்கள். இதை மட்டும் மாற்ற முடிந்தால் போதும் என்று எனக்குப் படும். 1949இல் சிகாகோவில் ரக்மீல் லெவின் என்ற மருத்துவர் நாய்களில் ஒரு சோதனை செய்தார். அவர் கொடுத்தது குளுக்கோஸ் இல்லை, காலக்டோஸ். ஈரலையும் சிறுநீரகத்தையும் விலக்கிவிட்டால் உடம்பால் அதை எரிக்க முடியாது. அப்படியும் இன்சுலின் கொடுத்ததும் ரத்தத்தில் காலக்டோஸ் குறைந்தது. எரியாத சர்க்கரை எங்கே போயிருக்க முடியும்? செல்லுக்குள் போயிருக்கிறது. இன்சுலினின் வேலை சவ்வில் நடக்கிறது என்று அவர் சொன்னபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை.

அது எப்படி நடக்கிறது என்பது 1980இல் தெரிந்தது, அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து. குளுக்கோஸை ஏற்றிச்செல்லும் கடத்திப் புரதங்கள் செல்லின் உள்ளே சின்னப் பைகளில் சும்மா கிடக்கின்றன. இன்சுலின் சவ்வின் வெளிப்பக்கம் இருக்கும் தன் ஏற்பியைத் தொடுகிறது. வெளியே நின்றபடியே உள்ளே சேதி அனுப்புகிறது. பைகள் மேலே வந்து சவ்வோடு ஒட்டி இணைகின்றன. கடத்திகள் சவ்வில் வந்து நிற்க, குளுக்கோஸ் உள்ளே பாய்கிறது. குளூட்-4 என்பது தசையிலும் கொழுப்பிலும் இருக்கும் அந்தக் கடத்தியின் பெயர். ஈஸ்டின் தொட்டியில் இன்சுலினை வெளியே தள்ளிய அதே வகைப் பை, அதே ஒட்டும் முறை. சோறு தின்றபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு இந்த வழியாகத் தசைக்குள் போகிறது.

ஆக, சர்க்கரை நோய் என்பது இனிப்பு மிகுந்துபோன நோய் என்பதைவிட, இனிப்புக்குள் நின்றுகொண்டே செல்கள் பட்டினி கிடக்கும் நோய் என்பது சரி. ரத்தத்தில் இருப்பது உள்ளே போக வழி கிடைக்காத சர்க்கரை. அத்தை முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது தாகத்துக்காகவோ அடிக்கடி ஒண்ணுக்குப் போவதற்காகவோ இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் ஆறு மாசத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிப்போனதற்காக. தின்றும் இளைப்பது ஏன் என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "சோறே ஆகாது" என்று பயந்து ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்திருக்க மாட்டார்.

கண்ணும் நரம்பும் சிறுநீரகமும் ஏன் கெடுகின்றன என்பதற்கும் விடை சவ்வில்தான் தொடங்குகிறது. எல்லாச் செல்லும் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. விழித்திரையின் நுண்குழாய்ச் செல்களில் வேறு வகைக் கடத்திகள் எந்நேரமும் சவ்விலேயே நிற்கின்றன. வெளியே சர்க்கரை ஏறினால் உள்ளேயும் ஏறும். வேண்டாம் என்று சொல்ல அவற்றுக்கு வழியில்லை. ஒரே ரத்தத்தில், தசை கிடைக்காமல் வாடுகிறது, விழித்திரை மிஞ்சிப்போய்க் கெடுகிறது.

குடலில் கதை வேறு. அங்கே குளுக்கோஸைச் சோடியத்தோடு சேர்த்து இழுக்கிற கடத்தி இருக்கிறது. இரண்டு சோடியம் உள்ளே வந்தால் கூடவே ஒரு குளுக்கோஸ். 1960இல் பிராகில் ராபர்ட் கிரேன் இதைச் சொன்னார். காலரா குடலைப் பாடாய்ப் படுத்தினாலும் இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. 1971இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலானாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர் போலச் செத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசல் கிடைத்தவர்களிடையே சாவு 4 பேருக்கும் கீழே வந்தது. ஒரு சவ்வுப் புரதம் இவ்வளவு உயிரைக் காப்பாற்றியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கடத்தி சிறுநீரகத்தில் இருந்துகொண்டு, வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கிறது. அதை அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் விட்டுவிடும் மாத்திரைதான் டாபாகிளிஃப்ளோசின். 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை சரிந்து, சாதாரண மெடிக்கல் ஷாப் வரைக்கும் வந்துவிட்டது.

அத்தைக்கு நான் சொன்னதில் அவருக்குப் பிடித்தது தசையின் இன்னொரு வழி. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் சேதி இல்லாமலே குளூட்-4 பைகள் மேலே வந்துவிடுகின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் தசைகூட நடைக்குச் செவிசாய்க்கும். "அப்ப நடந்தா ஊசி போட்ட மாதிரியா?" என்றார். ஊசிக்குப் பதில் இல்லை, ஊசியோடு கூட என்றேன். சாப்பிட்டு அரை மணி கழித்துத் தெருவில் நாலு முறை போய்வருகிறார் இப்போது. நடை முடிந்த பிறகும் தசை பல மணி நேரம் சர்க்கரையைக் கூடுதலாக உள்ளே எடுத்துக்கொண்டிருக்கும். ஊசியின் வேலையும் நடையின் வேலையும் ஒன்றுசேர்ந்தால் ரத்தச் சர்க்கரை எதிர்பாராமல் தாழ்ந்துவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அதுதான். அதனால் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம் என்றும், முந்தானையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். வெல்லம் பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, ஆனால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.