வடிச்சாக் குடிக்கலாமோ?

2015 இல் நான் ஏழாம் ஆண்டு. சுன்னாகத்தில் அம்மம்மா வீட்டுக் கிணத்தில வாளியைத் தூக்கினால் தண்ணிக்கு மேல வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்கும். மின்நிலையக் கழிவெண்ணெய் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள்ளால இறங்கி ஊர்க்கிணறுகளுக்கு வந்திருந்தது. அம்மம்மா பழைய வேட்டித்துணியால் வடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா, "பிள்ளை, இப்பிடி வடிச்சாக் குடிக்கலாமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பவுசர் தண்ணிக்கு வாளியோடு வரிசையில் நின்றோம்.

நான் கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ.எல்லோட முடிஞ்சுது. ஆனாலும் எண்ணெயைப் பிரிக்கிற மலிவான மென்சவ்வுகளைப் பற்றி அண்மையில் வாசித்தபோது, அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அறையில் செய்து பார்த்தேன். பருத்தித் துணியை நன்றாக நனைத்து, கோப்பையின் வாயில் கட்டி, தண்ணியும் தேங்காயெண்ணெயும் கலந்து மெல்ல ஊற்றினேன். தண்ணி இறங்கியது, எண்ணெய் மேலே நின்றுவிட்டது. நூல்களுக்கிடையில் பிடிபட்ட தண்ணிதான் எண்ணெயை மறிக்கிறது. அம்மம்மா செய்தது முட்டாள்வேலை இல்லை!

அடுத்ததாக, கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் குலுக்கினேன். பால்போல வெளுத்த அந்தக் கலவை அப்படியே துணியைக் கடந்து போனது. எண்ணெய் மிகச் சிறிய துளிகளாக உடைந்தால் துணி போதாது. ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறிய துளைகள் வேண்டும். அலுமினாவில் செய்கிற பீங்கான் சவ்வை 1,400 பாகை செல்சியஸுக்கு மேல் சுடவேண்டும், அதனால் விலை கூட. கயோலின் களிமண், நிலக்கரிச் சாம்பல் போன்றவற்றை 1,000 பாகை அளவில் சுட்டும் சவ்வு செய்யலாம் என்பதால்தான் ஆய்வாளர்கள் அவற்றின் பின்னால் போகிறார்கள். ஆனால் மலிவானதென்றாலும் எண்ணெய் துளைகளை அடைக்கும், அடிக்கடி கழுவவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பென்சீன் போன்றவை தண்ணியில் கரைந்துவிடும். இந்தச் சவ்வுகள் துளிகளைப் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. படலம் போனதால் தண்ணி நல்லதாகிவிடாது.

2019 இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தக் காசு கிணத்துக்குள் போனதைத் திருப்பி எடுக்காது.

போன கிழமை அம்மம்மாவுக்குக் கோல் எடுத்து, பத்து வருசம் பிந்திய பதிலைச் சொன்னேன்: "இல்லை அம்மம்மா, குடிக்கேலாது."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப அந்தத் துணியை என்ர கிணத்தடியிலயே கட்டுறது? எண்ணெய் வெளிய வாற இடத்திலயெல்லோ கட்டியிருக்கோணும்" என்றா.

நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் சவ்வின் விலையைக் கணக்குப் பார்த்தன. அதை யார் கட்டவேண்டும் என்று கேட்டது அம்மம்மாதான்.